எட்டு ஹெட்போனும் ஒரு டெலிபோனும்

உள்ளறையிலிருந்து அற்புதமேரியின் குரல் கேட்டது. "ஹவ் மச் இஸ் திஸ் ஃபிஷ்?" என்று மீன் விலையை ஆங்கிலத்தில் விசாரித்தது. அற்புதமேரியோ அப்போது சமையலறையில் நின்று உளுந்து மாவை உள்ளங்கையில் தட்டி நடுவில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். தன் குரல் தன்னை விட்டுவிட்டு வேறோர் அறையில் தனியாக மீன் வாங்குவதைக் கேட்டு முதலில் சில நாள் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது உண்டு. இப்போது பழகிவிட்டது. எண்ணெய் காய்ந்ததா என்பதுதான் அவள் கவலை.

குரல் கேட்டுவிட்டு நின்றது. ஒரு மணிச் சத்தம், எட்டு நொடி இடைவெளி. பிறகு அதே குரல் அடுத்த மீனுக்குப் போயிற்று.

"மேரி, மூணாவது லைன்ல கரகரன்னு கேக்குதா?" என்று உள்ளேயிருந்து அவள் கணவர் ஆம்ப்ரோஸ் கேட்டார்.

"எனக்கு எண்ணெய் சத்தம்தாங்க கேக்குது."

"இன்னிக்குக் கரகரன்னா மானம் போயிடும் லா."

"வர்றவங்க மானத்தை வாங்க வரலைங்க. வடை சாப்பிட்டுட்டு மிஷினைப் பாக்க வர்றாங்க."

"அதான் சொல்றேன். மிஷினைப் பாக்க வர்றாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஆம்ப்ரோஸ் சொன்ன விதத்தில் ஒரு கல்யாண வீட்டுக் களை இருந்தது. அதைக் கேட்டதும் அற்புதமேரி தட்டிய வடையை எண்ணெயில் விட மறந்து சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, ஒரு வியாழக்கிழமை. புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாவது மாடி வீடு. மூன்று மணிக்கு வரப்போகிறவள் சம்சுன்னிசா. ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆட்களைக் கவனிக்கும் ஆபீசில் இருப்பவள். அவளுக்காக ஆம்ப்ரோஸ் அரைநாள் லீவு போட்டிருந்தார்.

ஆம்ப்ரோஸின் கதையைச் சொல்லாமல் அந்த மிஷினின் கதையைச் சொல்ல முடியாது. செம்பவாங் கப்பல்தளத்தில் வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் பதினைந்து வருடம் அவர் ஒயர்லெஸ் பழுதுபார்த்தார். எழுபத்தொன்றில் அவர்கள் கப்பலோடு புறப்பட்டபோது இவருக்கு ஒரு கடித உறையும் ஒரு கைகுலுக்கலும் கிடைத்தன. அதன் பிறகு சிராங்கூன் சாலையில் ஒரு டிவி ரிப்பேர்க் கடை. வேலை என்னவோ அதே வேலைதான். அங்கே அவர் சரிசெய்து முடிக்கும்வரை ஒரு கப்பல் காத்திருந்தது. இங்கே, மாலைப் படம் போய்விடுமே என்று யாராவது ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த வித்தியாசத்தை ஆம்ப்ரோஸ் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், செபமாலை சொல்வார், படுப்பார். பதினான்கு வருடம் அப்படித்தான் போயிற்று.

அற்புதமேரி கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். லைன் எல்லாம் தானியங்கியாக மாறியபோது அவள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய ஆங்கிலம் சுத்தமானது. அதனால் மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கணவன் இல்லாமல் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேச வேண்டும், டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டும். அவர்கள் கேட்ட ஆங்கிலம் அவ்வளவுதான். எண்பத்தைந்தில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பமாயிற்று. கோவில் பெண்கள் நால்வர் வந்தார்கள். அவர்கள் சொல்லி அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வர் சேர்ந்தார்கள். ஆக எட்டுப் பேர்.

வகுப்புக்கு எதைப் பயன்படுத்துவது என்று வந்தபோதுதான் புருஷனும் பெண்சாதியும் முதன்முதலாக மோதிக்கொண்டார்கள். கடையில் இங்கிலாந்து கேசட்டுகள் அழகான பெட்டியில் விற்றன. அற்புதமேரி அதை வாங்கிவிடலாம் என்றாள். ஆம்ப்ரோஸ் ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டார். ஒரு வெள்ளைக்காரர் ரயில் நிலையத்தில் நின்று கடற்கரை ஊருக்கு டிக்கெட் கேட்டார்.

"நம்ம பொம்பளைங்க எந்த ரயிலுக்கு டிக்கெட் வாங்கப் போறாங்க? அவங்க போறது தேக்கா மார்க்கெட்டு. அங்க மீன் வாங்குற மாதிரி பாடம் வேணும்."

"சரிங்க, பாடத்தை நான் எழுதுறேன். வீட்ல இருக்குற டேப்ல பதிஞ்சுக்கலாம்."

"எட்டுப் பேரும் ஒரே டேப்பைச் சுத்தி உக்காந்தா யாரு பேசுறா, யாரு வாயை மட்டும் அசைக்கிறான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கொரு ஹெட்போன் வேணும். ஆளுக்கொரு மைக் வேணும். நீ நடுவுல உக்காந்து யாரு லைனை வேணாலும் கேக்கணும். நீ எக்ஸ்சேஞ்ச்ல உக்காந்திருந்தியே, அந்த மாதிரி."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுநாள் கடையிலிருந்து வந்தவர் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு காகிதத்தில் படம் வரைய உட்கார்ந்தார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஆம்ப்ரோஸ் சாப்பாட்டை மறந்தார். இதைப் பார்த்த பிறகு எந்தப் பெண்சாதிதான் வேண்டாம் என்று சொல்வாள்?

எட்டு மாதத்தில் மிஷின் எழுந்து நின்றது. படுக்கையறைக் கட்டில் ஹாலுக்கு வந்தது. அறைக்குள் மரத்தடுப்பு வைத்த எட்டு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன், ஒரு மைக். நடுவில் அற்புதமேரிக்கு ஒரு பலகை, அதில் எட்டு சுவிட்ச், எட்டுச் சிவப்பு விளக்கு. பழைய எக்ஸ்சேஞ்ச் பலகையையே சின்னதாக்கிப் பெண்சாதிக்குப் பரிசாகக் கொடுத்த புருஷன் இந்தத் தீவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதை முதன்முதல் தொட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது உண்மை.

ஆனால் மிஷினால் யாரும் பேசவில்லை.

காரணம் மிஷினில் இல்லை. டேப்பில் அற்புதமேரியின் குரல் கேள்வி கேட்கும். பதில் சொல்ல எட்டு நொடி இடம் விட்டிருக்கும். அந்த எட்டு நொடியும் எட்டுப் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள். ஏன் பேசவில்லை என்று கேட்டால் பூவம்மா சொன்னாள்: "டீச்சர் இன்னும் பேசி முடிக்கலையே. நடுவுல எப்படிப் பேசுறது?"

டேப்பின் இரைச்சல் காதில் ஓடிக்கொண்டிருக்கும்வரை டீச்சர் லைனில் இருக்கிறார் என்று அவர்களுக்கு எண்ணம். டீச்சர் மூச்சு வாங்கும்போது குறுக்கே பேச அவர்களை யாரும் வளர்க்கவில்லை. ஆம்ப்ரோஸ் இடைவெளியைக் கூட்டினார். அவர்கள் அதிகம் காத்திருந்தார்கள். பிறகு அதைப் பழையபடி எட்டு நொடியாக்கி, 'இப்போது பேசு' என்பதற்கு அடையாளமாக ஒரு மணிச் சத்தத்தைப் பதிந்தார். மணி அடித்ததும் எட்டுப் பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்தார்கள். சந்திரமதி எழுந்துபோய்க் கதவையே திறந்துவிட்டாள்.

அப்படியிருக்க, அவர்கள் எப்படிப் பேசக் கற்றார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை பூவம்மா போன் செய்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், சனிக்கிழமை வர முடியாது என்று சொல்லத்தான். அற்புதமேரி ரிசீவரை எடுத்ததும் பதினோரு வருடப் பழக்கத்தில் வாய் தானாக ஆங்கிலம் பேசியது. மறுமுனையில் கொஞ்சம் தயக்கம். பிறகு பூவம்மா ஆங்கிலத்திலேயே, "மை சன் ஃபீவர், டீச்சர்" என்றாள். அற்புதமேரி ஒரு சொல்லைத் திருத்தினாள். பூவம்மா திருத்தியபடி சொன்னாள். எத்தனை டிகிரி, என்ன மருந்து, சாப்பிட்டானா என்று பேச்சு பத்து நிமிடம் ஓடியது. முகத்தை யாரும் பார்க்காத இடத்தில் பூவம்மாவுக்கு வெட்கம் இல்லை. மறுமுனை அமைதியாக இருந்தால் அது தனக்காகக் காத்திருக்கும் அமைதி என்பதும் அவளுக்குத் தெரிந்தது. டெலிபோனில் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டதோ என்று யாருக்கும் பயம் வரும் அல்லவா?

அடுத்த வாரம் பூவம்மா சொல்லிச் சந்திரமதி கூப்பிட்டாள். ஒரே மாதத்தில் எட்டுப் பேருக்கும் கிழமையும் நேரமும் அமைந்துவிட்டன. உள்ளூர்ப் பேச்சுக்குத் தனிக் காசு கிடையாது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது ஒருத்தி, துணி காயப்போட்டதும் ஒருத்தி. ஆம்ப்ரோஸ் கடையிலிருக்கும் பகல் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. சொல்லலாம் என்று நினைத்த அன்று மாலைதான் ஆம்ப்ரோஸ் கோவிலிலிருந்து வேகமாக வந்தார்.

"சந்திரமதி இன்னிக்கு ஃபாதர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிச்சு மேரி. நிறுத்தாம பேசிச்சு. மிஷின் வேலை செய்யுது."

அவர் முகத்தை அவள் பார்த்தாள். செம்பவாங்கில் அவர் ஒயர்லெஸ் சரிசெய்த ஒரு கப்பல் புறப்பட்டுப் போகும் அன்று இருந்த முகம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த நிமிடத்திலிருந்து அது ரகசியமாகிவிட்டது. பெண்களிடம், "சார்கிட்ட போன் விஷயம் சொல்லிடாதீங்க" என்றாள். அவர்களும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் சாமி கும்பிடுவதுபோல உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒன்றரை வருடம் இப்படியே நடந்தது.

சம்சுன்னிசா சொன்ன நேரத்துக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் மெல்லிய துப்பட்டா, கையில் ஆபீஸ் கோப்பு. வடையைக் கடித்துக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க அசெம்ப்ளி லைன்ல பூவம்மான்னு ஒருத்தவங்க இருக்காங்கண்ணே. வேலைக்கு வந்தப்ப எஸ், நோ ரெண்டுதான். இப்ப ஜப்பான் மேனேஜரே அவங்களைக் கூப்பிட்டுப் பேசுறாரு. எப்படின்னு கேட்டா, எல்லாம் ஆம்ப்ரோஸ் சார் மிஷின்தாங்கிறாங்க."

ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்து சிரித்தார். பிறகு அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். அற்புதமேரி நிலைப்படியில் நின்றாள். டேப் ஓடியது. மீன் விலையைக் கேட்டது. எட்டு நொடி ஆவதற்கு முன்பே சம்சுன்னிசா, "ஃபைவ் டாலர்ஸ் எ கிலோ" என்றாள். ஆங்கிலம் தெரிந்தவளுக்கு மிஷின் பிரமாதமாக வேலை செய்தது.

"நல்லாருக்குண்ணே. எங்க ட்ரெய்னிங் ரூமுக்கு இதே மாதிரி இருபது இடம் செஞ்சு குடுக்க முடியுமா? புதுசா இருபது பொம்பளைங்க எடுக்குறோம். ஆறு மாசத்துல பேசலன்னா லைன்ல வெச்சிக்க மாட்டாங்க. அதான் பாக்குறேன்."

"முடியும்மா. சனிக்கிழமையோட கடை வேலையை விட்டுடுறேன்னு சொல்லிடுறேன்." சட்டைப்பையை அவர் தொட்டுக்கொண்டார். அதில் கடை முதலாளிக்கு எழுதிய கடிதம் இருந்தது. எழுதியது அற்புதமேரிக்குத் தெரியும். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததே அவள்தான்.

இருபது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு, மணி அடித்ததும் வாசலைப் பார்ப்பது அவள் கண்முன் வந்தது. ஆறு மாதம் கழித்து அவர்கள் ஒவ்வொருவராக அந்த வாசல் வழியே வெளியே போவார்கள். இந்தப் பக்கம் பார்த்தால், பதினாறு வருடம் கழித்து ஒரு கப்பல் தனக்காகக் காத்திருப்பதாக நம்பி நிற்கும் மனிதர்.

"அக்கா ஒண்ணும் சொல்லாம நிக்கிறாங்களே?" என்றாள் சம்சுன்னிசா.

அற்புதமேரி வாயைத் திறந்தாள். ஹாலில் டெலிபோன் மணி அடித்தது.

வியாழக்கிழமை சந்திரமதியின் முறை. இன்று கூப்பிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியாயிற்று. வேறு யாராகவாவது இருக்கும் என்று நினைத்துப் போய் எடுத்தாள். பூவம்மா. அந்த வாரம் அவளுக்கு இரவு வேலை. பகலில் வீட்டில் இருந்தாள்.

"டீச்சர், மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு என் நாளு இல்ல. நாளைக்குக் காலைல என்னை லீடர் வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க. ஃபேக்டரியில கூட வேலை செய்யுற பக்கத்து வீட்டுக்காரவங்க இப்பதான் வந்து சொன்னாங்க. பயமா இருக்கு டீச்சர். ஒரு பத்து நிமிஷம் பேசுங்க."

ராங் நம்பர் என்று சொல்லலாம். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடலாம். ஆபரேட்டராக இருந்தவளுக்கு லைனை வெட்டுவது கைவந்த கலை. அறை வாசலில் புருஷனும் விருந்தாளியும் வந்து நின்றதை அவள் பார்த்தாள். ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கையில் ரிசீவர் இருந்தது.

"குட் ஆஃப்டர்நூன், பூவம்மா" என்றாள் ஆங்கிலத்தில். "நான்தான் மேனேஜர். உட்காருங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

பாடம் நடந்தது. கேட்டாள், காத்திருந்தாள், திருத்தினாள், மறுபடி கேட்டாள். பூவம்மாவின் குரல் ரிசீவரைத் தாண்டி ஹாலில் மெல்லக் கசிந்தது. ஒரு லைனில் எத்தனை பேர், யாராவது வராவிட்டால் என்ன செய்வாய், மிஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவாய். முதலில் தடுமாறிய பதில்கள் மூன்றாவது முறை நேராக வந்தன. அற்புதமேரி ஆம்ப்ரோஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் உடைந்துவிடும். உடைந்த குரலுள்ள மேனேஜர் யாருக்கும் உதவமாட்டார்.

உள்ளறையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு குரல் விடாமல் மீன் விலை கேட்டது. பூவம்மா ஒரு கேள்வியில், "டீச்சர், ரெண்டு பேரு பேசுற மாதிரி கேக்குது" என்று திணறினாள்.

ஆம்ப்ரோஸ் திரும்பினார். உள்ளே போனார். ஒரு 'டக்' சத்தம். டேப் நின்றது. இன்னொரு குரல் அடங்கியது. லைன் சுத்தமாயிற்று.

பத்து நிமிடம் முடிந்து அற்புதமேரி ரிசீவரை வைத்தாள். சம்சுன்னிசா தட்டிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு இப்படி?" என்று ஆம்ப்ரோஸ் கேட்டார்.

"எட்டுப் பேரும்ங்க."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"சந்திரமதி ஃபாதர்கிட்ட பேசுனது?"

"அதுவும்தாங்க."

அவர் தலையாட்டினார். ஒரு பழைய ரேடியோவைத் திறந்து பார்த்துவிட்டு, இது எங்கே கெட்டது என்று கண்டுகொண்டவர் ஆட்டும் தலை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"அண்ணே, மிஷினும் நல்லாத்தான் இருக்கு" என்று சம்சுன்னிசா மெதுவாக ஆரம்பித்தாள். "வேணும்னா ஒரு ரெண்டு இடம் மட்டும்…"

"வேணாம்மா." ஆம்ப்ரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாங்கினீங்கன்னா அந்த இருபது பேரும் மரியாதைக்கு வந்து உக்காந்துட்டுப் போவாங்க. நம்ம ஆளுங்க மரியாதையில ஒண்ணும் குறைச்சல் இல்ல. என் வீட்லயே பாத்தீங்கள்ல."

அற்புதமேரிக்கு அது சுருக்கென்று தைத்தது. தைக்கத்தான் சொன்னார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப அந்த இருபது பேருக்கு என்னண்ணே செய்யுறது?"

ஆம்ப்ரோஸ் எழுந்து டெலிபோன் பக்கம் போனார். ஒயரைக் கையால் நீவி, சுவரில் அது இறங்கும் இடம்வரை பார்த்தார். முப்பது வருடமாகப் பழுதுபார்த்த கை. பழுதே இல்லாத பொருள்மேல் அது என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"உங்க கேன்டீன்ல போன் இருக்கா?"

"இருக்குண்ணே, ஒண்ணு. டீ பிரேக் நேரத்துலதான் கூட்டம். மத்த நேரம் சும்மாதான் கெடக்கும்."

"வெளி லைன் நேரா கெடைக்குமா, ஆபரேட்டர் மூலமா?"

"நேராதான்."

"அப்ப சரி. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல வேணாம். ஆளுக்குப் பத்து நிமிஷம். பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் இங்க சமையல் நேரம். அப்ப கூப்பிட வேணாம்."

"சமையல் நேரத்துலயும் நான் பேசுவேங்க" என்றாள் அற்புதமேரி.

"எனக்குத் தெரியாது பாரு" என்றார் ஆம்ப்ரோஸ். "சோறு குழைஞ்ச நாளெல்லாம் இப்பத்தான் கணக்குக்கு வருது."

சம்சுன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அற்புதமேரி அடக்கவில்லை. ஆனால் சிரித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மாவு ஒட்டிய கையால் துடைத்தாள்.

ஆம்ப்ரோஸ் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கடை முதலாளிக்கு எழுதிய அந்தத் தாளைத் திருப்பி மேசைமேல் வைத்து, வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் வீட்டு டெலிபோன் எண்ணை எழுதினார். அதன்கீழ் கிழமைகளையும் நேரத்தையும் எழுதினார். கடைசியில் கொஞ்சம் யோசித்து, 'மிஸஸ் அற்புதமேரி ஆம்ப்ரோஸ், ஆபரேட்டர்' என்று எழுதினார். பிறகு ஆபரேட்டரை அடித்துவிட்டு 'டீச்சர்' என்று போட்டார். தாளை நாலாக மடித்துச் சம்சுன்னிசாவிடம் கொடுத்தார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் இந்த மாடியில் நிற்காது, எட்டாம் மாடிக்கு இறங்கிப் போக வேண்டும் என்று ஆம்ப்ரோஸ் வழி சொன்னார்.

"வரேண்ணே. வரேங்க்கா. வடை நல்லாருந்துச்சு."

"திங்கட்கிழமை ரெண்டரைக்கு மொத ஆளைக் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள் அற்புதமேரி.

அவள் படியிறங்கும் சத்தம் தேயும்வரை ஆம்ப்ரோஸ் வாசலில் நின்றார். பிறகு கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார். மரக்கதவையும் சாத்தினார்.